இனி ஜூலையில் வராதே

பிப்ரவரி 24, மதியம்

அன்பு மகள் டாம்சினுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் இடுப்பைத் தவிர இங்கே எல்லாம் நலம், அந்த இடுப்பும் இரண்டு வாரத்துக்கு முன்னால் மாற்றிப் புதிதாக வைத்தது என்பதால் இப்போதைக்கு இந்த வீட்டில் நல்ல நிலையில் இருப்பது அது ஒன்றுதான் என்றும் சொல்லலாம். நீயும் கிரெய்க்கும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், டனீடன் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருப்பீர்கள், நன்றாகக் காயுங்கள். டெவனில் பன்னிரண்டு நாளாக விடாமல் தூறுகிறது, துவைத்த துணியெல்லாம் அடுப்பங்கரையில் தொங்குகிறது, நான் உன் அப்பாவின் பைஜாமாவுக்குக் கீழே குனிந்துதான் டீ போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நீ பயந்துவிடாதே. மாடி ஏறக் கூடாது என்பதால் அப்பாவின் கட்டிலைக் கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம், நான் உன்னிடம் என்ன சொன்னாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல் கேட்கிறார். அவர் கேட்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எல்லாம் அந்த ஹெல்லிபோர் செடிகளால் வந்தது. மறுபடியும் அதுவா என்று கண்ணை உருட்டாதே, உனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நீ வருவது எப்போதும் ஜூலையில். ஜூலையில் அது வெறும் இலை. அப்பா உங்கள் எல்லாரையும் வரிசையாக அழைத்துப்போய் இலை இலையாகக் காட்டுவார், நீங்களும் நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்பீர்கள், போன தடவை உன் சின்னவள் ஐலா என்னிடம் வந்து காதோடு, "தாத்தா ஏன் பாட்டி இவ்வளவு கீரை போட்டிருக்காரு?" என்று கேட்டாள். அது பூப்பது ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் வரைதான், தோட்டத்தில் வேறு எதுவும் தலைகாட்டாத குளிரில். விதை போட்டால் முதல் பூவுக்கு மூன்று வருஷம். அந்த முதல் பூவைப் பார்த்தால்தான் எது தேறும் எது தேறாது என்று தெரியும், தேறாததைத் தேனீ வருவதற்குள் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மகரந்தம் நல்ல செடியில் ஏறி அடுத்த விதையும் பாழ். அப்பா கேட்பது ஒரே ஒரு மஞ்சள். உள்ளே பச்சை ஓடாமல், விளிம்பில் சிவப்பு எட்டிப்பார்க்காமல், வெண்ணெய் நிறத்தில் வட்டமாக ஒரு பூ. பதினான்கு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், பதினான்கு வருஷமாக வருவதெல்லாம் கம்பளிச் சட்டை அலசிய தண்ணீர் நிறத்தில்.

ஆக, மருத்துவமனையிலிருந்து ஜனவரி பத்தாம் தேதி கடிதம் வந்தது, பிப்ரவரி ஒன்பதாம் தேதி வந்து படுங்கள் என்று. நான் சந்தோஷத்தில் கேக் செய்யப் போனேன். அவர் கடிதத்தை இரண்டாக மடித்துக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "பிப்ரவரியில எப்படி ஹெட்டி முடியும், எண்பத்து நாலு நாத்து முதல் பூ பூக்குது" என்கிறார். படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இழுத்துக்கொண்டு ஏறுகிற மனிதர் பேசுகிற பேச்சா இது? அதிலும் கேள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போல் பிப்ரவரியில் தேதி வந்து, மருத்துவமனைக்காரர்கள் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று சொன்னார் இல்லையா, அவர்கள் ஒன்றும் தள்ளிப்போடவில்லை, இவரே கூப்பிட்டு வேண்டாம் என்றிருக்கிறார். இந்த முறை நான் விவரம் கேட்கக் கூப்பிட்டபோது அங்கே இருந்த பெண், "போன தடவையும் உங்க வீட்டுக்காரர்தானே மாட்டேன்னாரு, இப்பவும் மாட்டேன்னா பேரை எடுத்துடுவோம்" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சரி, மகள் சொன்னால் கேட்பார் என்று உன்னைக் கூப்பிட்டால், நீ என்ன சொன்னாய்? "அப்பா இஷ்டம்மா, வற்புறுத்தாதே" என்றாய். பன்னிரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு இஷ்டம் என்று சொல்வது சுலபம், அவருக்குக் காலுறை மாட்டிவிடுகிறவள் நான்.

இதற்கு முன்னாலேயே ராய் லஸ்கம் வேறு. வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர் உதவிக்கு வருகிறேன் என்றால் நாம் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது உனக்கே தெரியும். டிசம்பரில் ஹெல்லிபோரின் பழைய இலைகளை அடியோடு வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் மண்ணிலிருந்து மேலே வருகிற பூ கண்ணுக்குத் தெரியும், இலையில் இருக்கும் கரும்புள்ளி நோயும் புது இலைக்கு ஏறாது. அப்பாவால் குனிய முடியவில்லை, ராய் கத்தரியோடு வந்தார், ஒரே காலையில் எல்லாவற்றையும் மொட்டையடித்தார். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். கிணற்றோரம் இடுப்பளவு வளர்ந்து நின்ற கார்சிகாத் தீவுச் செடியையும் சேர்த்து. அது மற்றவை போல் மண்ணிலிருந்து பூப்பதில்லை, போன வருஷத்துத் தண்டின் உச்சியில்தான் கொத்துக்கொத்தாகப் பச்சையாகப் பூக்கும், தண்டை வெட்டினால் அந்த வருஷத்துப் பூவே போயிற்று. ஹெல்லிபோர் வளர்க்கிறவர்கள் எல்லாரும் வாழ்நாளில் ஒரு தடவை செய்கிற தப்பு இது, ஆனால் அவரவர் தோட்டத்தில் செய்வார்கள். கேட்டால் ராய், "ஏம்மா ஹெட்டி, பச்சைப் பூவை எவன் பாக்கப் போறான், இலையோட இலையாத்தானே இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நான் செய்த கேக்கில் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரையை இழுத்து மூடிவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இந்த மனிதர் தோட்டத்தை யாரை நம்பியும் விட்டுப் போகமாட்டார், ராயை நம்பி நிச்சயம் போகமாட்டார் என்று.

அதனால் நானே சொன்னேன். நான் தேர்ந்தெடுக்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள் என்று. உன் அப்பா சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். "நீயா? கருப்புப் பூவைப் பாத்து மண்ணுல ஓட்டைன்னு சொன்னவ நீ" என்றார். ஆமாம், சொன்னேன், இப்போதும் சொல்கிறேன், நிழலில், கருப்பு மண்ணில், கருப்பாக ஒரு பூ, அதுவும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அது யாருக்காகப் பூக்கிறது? ஆனால் மூன்று நாள் நான் வாயைத் திறக்காமல் இருந்ததில் அவருக்கு வழியில்லாமல் போயிற்று. நான் வாயைத் திறக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான்காம் நாள் ஒரு விதை உறையின் முதுகில் பென்சிலால் எனக்கு விதிகள் எழுதிக் கொடுத்தார். மேகமூட்டமான நாளில் பார், வெயிலில் எல்லாப் பூவும் அழகு. ஒவ்வொன்றின் முகத்தையும் தூக்கிப் பார், முதுகையும் பார். இதழுக்கு இதழ் இடைவெளி இருந்தால் வேண்டாம். புள்ளி இருந்தால் ஒரே சீராக இருக்கட்டும், தெளித்தது போல் வேண்டாம். தண்டு தாங்க வேண்டும். நிறம் கலங்கலாக இருந்தால் எவ்வளவு பெரிய பூவானாலும் வேண்டாம். வைத்துக்கொள்வதற்கு வெள்ளை நூல், எறிவதற்குச் சிவப்பு நூல். கடைசியில் கோடு போட்டு ஒரு வரி, இரக்கம் பார்க்காதே. அந்தக் கடைசி வரியை மறந்துவிடாதே, அதற்குத் திரும்ப வருவேன்.

ஒன்பதாம் தேதி அவரைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, பத்தாம் தேதி காலையில் நல்லபடி முடிந்தது என்று தகவல் கேட்டுக்கொண்டு, மழைக்கோட்டைப் போட்டுத் தோட்டத்தில் இறங்கினேன். டாம்சின், இந்தச் செடியை விரும்புகிறவர்களுக்கு மூளையில் ஏதோ கோளாறு. பூத்ததே நாம் பார்க்கத்தானே, ஒன்றாவது நிமிர்ந்து பார்க்கிறதா? அப்பா ஒரு குச்சியின் நுனியில் சின்னக் கண்ணாடியைக் கட்டி வைத்திருக்கிறார், பல் டாக்டர் போல அதை அடியில் நீட்டித்தான் பார்ப்பார். எனக்கு அதில் என் மூக்குதான் தெரிந்தது. கடைசியில் சாக்கை விரித்துச் சேற்றில் ஒருக்களித்துப் படுத்து ஒவ்வொன்றாக மோவாயைத் தூக்கிப் பார்த்தேன். ராய் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "விழுந்துட்டியா ஹெட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?" என்றார். ஆம்புலன்ஸ் வந்தால் உங்களைத்தான் ஏற்றி அனுப்புவேன் என்றேன். எண்பத்து நான்கையும் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. பழுப்புக் கலந்த ரோஜா, ரோஜா கலந்த பழுப்பு, அடுக்கடுக்காக இதழ் வைத்துக் கசங்கிய உள்பாவாடை போல ஒன்று, பச்சையா வெள்ளையா என்று அதற்கே தெரியாத ஒன்று. நான் பொய் சொல்லப் போவதில்லை, இரண்டாம் நாள் மத்தியானம் முப்பத்தேழாம் எண்ணைத் தூக்கிப் பார்த்தபோது வாய்விட்டு ஆ என்றேன். ஏறக்குறைய மஞ்சள். விளிம்பில் மட்டும் ஒரு நூல் சிவப்பு. அந்த ஒரு நூலைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலில், நானும் உன் அப்பாவாகிக்கொண்டிருக்கிறேனோ என்று பயமே வந்துவிட்டது.

ஐந்துக்குத்தான் வெள்ளை நூல் கட்ட முடிந்தது. என் கண்ணை அவர் நம்பமாட்டார் என்று தெரியும், அதனால் அந்த ஐந்திலும், எறிய நினைத்ததில் சுமாரான பதினைந்திலும் ஒவ்வொரு பூ கிள்ளி, எண் எழுதி, கேக் டப்பாவில் அடுக்கி வியாழக்கிழமை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இந்தப் பூவைத் தண்டோடு ஜாடியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும், தட்டில் தண்ணீர் ஊற்றி முகம் மேலே பார்க்க மிதக்கவிட வேண்டும், அப்போதுதான் அதற்கு முகம் என்று ஒன்று இருப்பதே தெரியும். நான்கு சூப்புத் தட்டில் மிதக்கவிட்டுப் படுக்கைக்குக் குறுக்கே மேசையில் வைத்தேன். பக்கத்துப் படுக்கைக் கிழவர் தன் கரண்டியை எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு இது என்ன சூப்பு?" என்று எட்டினார், இந்தச் செடி முழுக்க விஷமாயிற்றே, நான் விஷம் விஷம் என்று கத்தியதில் நர்ஸ் ஓடிவந்து, ஆஸ்பத்திரியில் விஷத்தை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இது எதையும் கவனிக்கவில்லை. விரலால் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, இது போ, இது போ, இது இரு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தேர்ந்த ஐந்தையும் அவரும் தேர்ந்தார். முப்பத்தேழை மட்டும் தண்ணீரில் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார், பிறகு, "உனக்குக் கண்ணு இருக்கு ஹெட்டி" என்றார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் தோட்ட விஷயத்தில் நான் வாங்கிய முதல் பாராட்டு அது.

கடைசித் தட்டில் எண் இல்லாத பூ ஒன்று இருந்தது. ஹேசல் மரத்தடியில், அவருடைய விதைக்கெல்லாம் தாயான, உள்ளே பச்சை ஓடும் பழைய மஞ்சள் செடிக்குக் கை எட்டும் தூரத்தில், பெரிய புதராக நிற்கும் ஒன்றிலிருந்து கிள்ளியது. அதை எத்தனை வருஷமாகவோ நான் கடந்து போயிருக்கிறேன், குனிந்து பார்த்தது இப்போதுதான். சேற்று ரோஜா நிறம், இதழுக்கு இதழ் சந்து, புள்ளி கண்டபடி தெளித்தது, விதிகளில் ஒன்று பாக்கியில்லாமல் மீறியிருந்தது. எங்கிருந்தோ விதை விழுந்து தானாக முளைத்திருக்கிறது, குனிய முடியாததால் இவர் கவனிக்கவில்லை, இதைப் பிடுங்கிவிடுகிறேன் என்றேன். அவர் அதைப் பார்த்தார். விரலால் தள்ளவில்லை. "அது இருக்கட்டும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "இருக்கட்டும்னு சொன்னேன்ல" என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலிக்குக் கொடுக்கிற மருந்தில் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன். நீ என் இடத்தில் இருந்தால் நீயும் அதைத்தான் நினைத்திருப்பாய்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சிவப்பு நூல் கட்டியதையெல்லாம் பிடுங்கி எருக்குழியில் போட்டேன், எழுபத்தொன்பது, இரக்கமே பார்க்கவில்லை. கடைசியாக அந்தப் புதருக்குப் போனேன். வேர் என்றா சொல்வது அதை, கயிற்றுக் கட்டை யாரோ புதைத்து வைத்தது போல் இருந்தது, மண்வெட்டியைச் சுற்றிச் சுற்றிக் குத்தி, என் முதுகைப் பாதி உடைத்துக்கொண்டு, ஒரு வழியாக வெளியே இழுத்துப் போட்டேன். குழியை மூடப் போனபோது மண்வெட்டியில் ணங்கென்று ஏதோ பட்டது. அப்பா செடிக்கு வைக்கிற பெயர்த் தகடுகளை மண்ணுக்கு மேலே வைக்கமாட்டார், கருப்புக் குருவிகள் பிடுங்கிப் போடுகின்றன என்று, ஒவ்வொரு நல்ல செடிக்கும் பின்னால் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வைப்பார். அது எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சனியனுக்குக் கீழே தகடு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? கையுறையால் மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். "டாம்சின் சொன்னது. எறியக் கூடாது" என்று எழுதி, அடியில் தேதி. நீ நியூசிலாந்துக்குக் கிளம்பிய நாள்.

நான் அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பதினான்கு வருஷமாக அதை வைத்துத்தான் அவரோடு சண்டை போடுகிறேன். வாசலில் டாக்ஸி நிற்கிறது, நான் உன் பெட்டிகளை எண்ணுகிறேன், பெற்ற மகள் உலகத்தின் அந்தக் கோடிக்குப் போகிறாள், உன் அப்பா மட்டும் பின்னால் தோட்டத்தில் முட்டி போட்டுக்கொண்டு பூப் பார்க்கிறார். வாசலுக்குக் கூட வரவில்லை. நீதான் ஓடிப்போய் அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தாய். அன்றைக்குத்தான் அவருடைய முதல் விதைப்பு முதன்முதலாகப் பூத்திருந்தது, நீ ஏதோ ஒன்றைக் கைகாட்டி, இது நன்றாக இருக்கிறது, இதை வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறாய். உனக்கு நினைவே இருக்காது. டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார், நீ பார்த்தது ஒரு நொடி, இருந்ததிலேயே மட்டமானதைப் பார்த்துக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டாய். இவர் அதைக் கொண்டுபோய்த் தன் மஞ்சளுக்குப் பக்கத்திலேயே நட்டு வைத்தார். பிறகு பதினான்கு வருஷமாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் தேனீ அதில் உட்கார்ந்து இதில் உட்கார்ந்து, வருகிற விதையெல்லாம் கலங்கல். மற்றவர்கள் தூரிகையால் தடவித் துணிப்பை கட்டி மகரந்தம் கலக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், நீங்களும் செய்யுங்களேன் என்றால், தேனீ வேலையில் நான் தலையிடமாட்டேன் என்பார். மழையைத் திட்டினார், மண்ணைத் திட்டினார், ராய் வீட்டுச் செடியிலிருந்து வருகிறது என்று ராயோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தார். காரணம் எது என்று அவருக்குத் தெரியும். முதல் வருஷத்திலிருந்தே தெரியும். எனக்கு இரக்கம் பார்க்காதே என்று கோடு போட்டு எழுதிக் கொடுக்கிற மனிதர்!

எனக்கு வந்த கோபத்தில் தகட்டைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்திருப்பேன். எறியவில்லை. அந்தக் குழியிலேயே, இருந்த திசை மாறாமல், பழைய மண்ணையே போட்டு, தகட்டையும் ஒரு சாண் ஆழத்தில் வைத்து, கையாலேயே அழுத்தி, இரண்டு வாளித் தண்ணீர் விட்டேன். ஆனால் ஹெல்லிபோரை இடம் பெயர்த்தாலே அது கோபித்துக்கொள்ளும், அதிலும் பூத்திருக்கும்போது மண்வெட்டியால் குத்தி இழுத்துப் போட்டால் கேட்கவே வேண்டாம். அன்று மாலையே தண்டெல்லாம் தரையில் படுத்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன், உறைபனி விழும் என்று ரேடியோவில் சொன்னால் வாளியைக் கவிழ்த்து வைக்கிறேன், காலையில் எடுக்கிறேன். நீ குழந்தையில் காய்ச்சலில் கிடந்தபோது கூட நான் இவ்வளவு எட்டிப்பார்த்ததில்லை. அது செத்துப்போனால் அவரிடம் என்ன சொல்வேன்? எனக்குப் பிடிக்காத, என்னை இவ்வளவு ஆத்திரப்படுத்துகிற ஒரு செடிக்காகப் பயந்து சாகிறேன், இதை யாரிடம் போய்ச் சொல்வது, ராயிடமா?

பதினாறாம் தேதி அப்பா வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு ஊன்றுகோல், உட்காருவதற்கு உயரமான நாற்காலி, ஆறு வாரத்துக்குக் குனியவே கூடாது. குனியாமல் ஹெல்லிபோரை எப்படிப் பார்ப்பது என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறார். டீயைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வி, "எல்லாத்தையும் பிடுங்கியாச்சா?" என்று. எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று என்றேன். "எல்லாத்தையுமா?" என்றார். ஒன்றைத் தவிர என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இன்னொரு பிஸ்கட் கேட்டார், கொடுத்தேன். நான் தோண்டியது அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நேற்று மழை கொஞ்சம் விட்டபோது ஊன்றிக்கொண்டே ஹேசல் மரம் வரைக்கும் வந்துவிட்டார், தடுத்தால் கேட்கிற ஆளா? தாய் மஞ்சளைப் பார்க்கவில்லை, முப்பத்தேழைப் பார்க்கவில்லை, நேராக இதற்கு முன்னால் வந்து நின்றார். "ஏன் இப்படித் துவண்டு கிடக்கு?" என்றார். மழை என்றேன். "கொஞ்சம் தூக்கிக் காட்டேன்" என்றார். முட்டி போட்டு அந்தச் சேற்று நிறப் பூவின் மோவாயைத் தூக்கிப் பிடித்தேன், ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்திருந்தேன், கை வலித்தது. இது நன்றாகவே இல்லை, உங்களுக்கே தெரியும் என்றேன். "தெரியும்" என்றார். பிறகு, "அன்னிக்கு வாசலுக்கு வந்திருந்தா நான் அவளைப் போக விட்டிருக்க மாட்டேன் ஹெட்டி. அவளாவே ஓடிவந்தா, எனக்கு ஒண்ணைக் காட்டிட்டுப் போனா. அதை எப்படி எறியறது?" என்றார். உள்ளே வாருங்கள், நனைகிறது என்றேன்.

பதினான்கு வருஷமாக இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார் பார். சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். சரி, அது போகட்டும், நீ உன் வீட்டில் வைத்த ஹெல்லிபோர் செத்துவிட்டது என்றாயே, சாகாமல் என்ன செய்யும், வெட்டவெளியில் வெயிலில் வைத்தால். இலை உதிர்க்கிற மரத்தடியில் வை, ஆழமாக நடாதே, அடிக்கடி இடம் மாற்றாதே, உங்கள் ஊர்க் கணக்கில் மே கடைசியில் பழைய இலையை வெட்டு. கடையில் பெயரையும் அட்டைப் படத்தையும் பார்த்து வாங்காதே, ஒரே பெயரில் பத்துச் செடி பத்து விதமாகப் பூக்கும், பூத்திருக்கும்போது போய், தூக்கிப் பார்த்து வாங்கு. முக்கியமாக, அவசரத்தில் எதையும் கைகாட்டாதே. நீ கைகாட்டுவதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்று காலை வாளியை எடுத்தபோது ஒரு தண்டு நிமிர்ந்திருந்தது. மற்றவை எல்லாம் போய்விட்டன, இந்த ஒன்று பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது. பிழைத்தால் அடுத்த பிப்ரவரியில் மறுபடி பூக்கும், தேனீயும் மறுபடி வரும், உன் அப்பாவுக்கு மறுபடியும் மஞ்சள் வராது. அவருக்கு எழுபத்து மூன்று வயது, விதைக்கு மூன்று வருஷம், இன்னும் எத்தனை விதைப்பு என்று நீயே எண்ணிப் பார், நான் எண்ணமாட்டேன். நான் சொன்னால் அதை எறியமாட்டார். டாக்டர் சொன்னாலும் எறியமாட்டார். நீ சொன்னால்தான் எறிவார். அதனால் இந்த வருஷம் ஜூலைக்கு டிக்கெட் எடுக்காதே, எடுத்திருந்தால் மாற்று, பள்ளிக்கூடம் இருக்கிறது, கிரெய்க்குக்கு லீவு இல்லை என்றெல்லாம் எழுதாதே, அடுத்த பிப்ரவரியில் பிள்ளைகளோடு வா. நல்ல ரப்பர் பூட்ஸ் எடுத்து வா. வந்து முட்டி போட்டு அதன் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன தோன்றுகிறதோ அதை அவர் காதுபட உன் வாயால் சொல். தொலைபேசியில் சொன்னால் நான் அவரிடம் சொல்லமாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம், கிரெய்க்குக்கு என் அன்பு, குளிரும் காய்ச்சலும் உங்கள் வாசல் பக்கம் வராமல் நன்றாக இருங்கள். அப்பா எழுந்துவிட்டார், யாருக்கு எழுதுகிறாய் என்கிறார், ராய் மேல் புகார் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை விடாதே, தேதியை மட்டும் சொல்.

உன் அம்மா,
ஹெட்டி